சிரிப்பு வருவதற்கு ரெண்டு செகண்ட் முன்னால்

வேலையில் சேருவதற்கு ரத்தப் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவன் என்ற மிடுக்கோடு மூன்று மாடி ஏறி வந்த அந்த இளைஞன், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியில் ஒடுங்கிப்போனான். ரத்தம் எடுக்கும் அக்கா அவன் மேல்கையில் ரப்பர் பட்டையை இறுக்கிவிட்டு, பஞ்சு டப்பாவில் சாய்த்து வைத்திருந்த போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டாள்.

"கையைப் பாக்காதப்பா. இந்த வாத்தைப் பாரு."

வாத்து ஒன்று நாயின் முதுகில் ஏறப் பார்த்து வழுக்கி வழுக்கி விழுந்தது. ஒருவழியாக ஏறி மகாராணி மாதிரி நிமிர்ந்ததும், நாய் உட்கார்ந்துவிட்டது. அவன் வாய்விட்டுச் சிரித்தான். சிரித்து முடித்தபோது முழங்கை மடிப்பில் பஞ்சு இருந்தது.

"எடுத்தாச்சா?"

"இருபத்தோராவது செகண்ட்லயே குத்திட்டேன். சிரிப்பு வர்றதுக்கு ரெண்டு செகண்ட் முன்னாடி மனுஷன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு அசையாம இருப்பான். அதுதான் என் நேரம்."

அடுத்த வாரமே அதே ஆஸ்பத்திரியில், ரத்தப் பரிசோதனைப் பிரிவின் பதிவு மேசையில் வேலைக்கு வந்து சேர்ந்தான். அக்கா அவனுக்கு வைத்த பெயர் 'பட்டதாரி'. அவளுடைய நோட்டும் அப்போதுதான் அவன் கண்ணில் பட்டது. இணையத்தில் தேடிப் பிடித்த ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு வரி, பக்கத்தில் செகண்ட். பிள்ளைகளுக்குப் பூனையும் வாத்தும். பெரியவர்களுக்குப் பாட்டு: தனியாக வந்துகொண்டிருக்கும் புல்லாங்குழலோடு தாளம் வந்து சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் ஊசி. சாப்பாட்டு நேரத்தில் அவனும் தான் கண்டுபிடித்ததைக் காட்டுவான்.

"இது வேணாம் பட்டதாரி. சிரிப்பு ரொம்ப லேட்டா வருது. அதுக்குள்ள நோயாளி எந்திரிச்சு ஓடிருவான்."

தினமும் காலையில் முதல் ஆள் வருவதற்குள் அக்கா தன் மகளுக்கு ஒரு வீடியோ அனுப்பிவிடுவாள், சிரிப்பு வரும் செகண்டோடு. தொலைதூர நகரத்தில் வேலை கிடைத்து மகள் கிளம்பியபோது, "இந்த வாசலைத் தாண்டினா திரும்பி வராத" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அதிலிருந்து ஏழு மாதம். அழைத்தால் எடுப்பதில்லை. அனுப்பியதற்கெல்லாம் நீல டிக் மட்டும் விழும்.

"பாக்குறாளா, இல்ல திறந்துட்டு மூடிடுறாளா, அதுகூடத் தெரியல பட்டதாரி" என்பாள்.

ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நெரிந்த காலை. அடுக்களைப் பாத்திரங்களில் தாளம் தட்டும் ஒரு பெண்ணின் வீடியோவை அனுப்பியவள், அவசரத்தில் நோட்டின் அடுத்த வரியைப் பார்த்து 'ஒரு நிமிஷம் பன்னிரண்டாவது செகண்ட்' என்று போட்டுவிட்டாள். சற்று நேரத்தில் போன் அதிர்ந்தது. அவள் நிமிரவில்லை. கையிலிருந்த குழாயை நிரப்பி, பெயர்ச்சீட்டு ஒட்டி, கையுறையைக் கழற்றிய பிறகுதான் எடுத்தாள். நேராகப் பதிவு மேசைக்கு வந்தாள்.

"இதைப் படி. எனக்குக் கண்ணு மங்குது."

அவன் படித்தான். "அம்மா, வீடியோவே அம்பத்தெட்டு செகண்ட்தான். நாலு தடவை பாத்துட்டேன். எந்த இடத்துலம்மா சிரிக்கணும்?"

"அப்போ இத்தனை நாளும் நான் சொன்ன இடம் வரைக்கும் பாத்திருக்காடா!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அக்கா, பதில் போடுங்க முதல்ல" என்றான். நின்றபடியே ஒற்றை விரலால் தட்டினாள்: "முப்பத்தொண்ணு. தப்பா போட்டுட்டேன். அன்னைக்கு வாசல்ல சொன்னதும் தப்புதான்மா."

அன்று மாலை மகளே அழைத்தாள். அக்கா துணி துவைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இப்போது மகள் இரண்டு மாதத்துக்கொரு முறை வந்து நான்கு நாள் இருந்துவிட்டுப் போகிறாள். வேலை அங்கேதான். அக்கா மூன்றாம் மாடியில்தான் இருக்கிறாள், ஓய்வு பெற இன்னும் ஆறு வருடம் இருக்கிறது.