ரெண்டு விரல் இடம்

அந்தத் தையல்காரருக்கு ஊர் வைத்த பெயர் ‘ரெண்டு விரல்’. சட்டையைத் தைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னதும் காலருக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். விரல் தாராளமாகப் போனால்தான் சட்டை கடையை விட்டுக் கிளம்பும். “கழுத்தை இறுக்கினா அது சட்டையா, சுருக்குக் கயிறா?” என்பார். முப்பது வருஷமாக இதே வசனம். வாடிக்கையாளர்களே இப்போது அவரை முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார்கள்.

மனுஷனுக்குத் தண்ணீர் என்றால் நடுக்கம். முகம் கழுவும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு வாய்த்த மனைவியோ மலை ஏரிக்கு அடியில் முங்கி வேலை பார்ப்பவள். நகரத்துக்குக் குடிநீர் எடுக்கும் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை உண்டு. அதில் அடைக்கிற பாசியையும் குப்பையையும் சுரண்டி எடுப்பதுதான் அவள் வேலை. அவள் முங்கும் நாட்களில் இவர் ஊசியில் நூல் கோக்கப் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமே!

இந்தக் குளிர்காலம் வேலை இன்னும் ஆழத்துக்குப் போயிற்று. அங்கே தண்ணீர் வெறும் நான்கு டிகிரி. முங்கும்போது போட அவளிடம் இருந்த பழைய ரப்பர் உடுப்பான வெட்சூட்டுக்குள் தண்ணீர் புகும். உடம்புச் சூட்டில் அது கொஞ்சம் வெதுவெதுப்பாகும், அவ்வளவுதான். போன தடவை மேலே வந்தவளால் தன் பெல்ட்டைத் தானே கழற்ற முடியவில்லை. விரல் பத்தும் விறைத்துப் போயிருந்தன. அன்றிரவு அவர் அந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை இரண்டு பேரும் டிரைசூட் வாங்கப் போனார்கள். அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாது. உள்ளே கம்பளி உடுப்புப் போட்டுக்கொள்ளலாம். கடைக்காரர் இரண்டு ரகம் எடுத்துப் போட்டார். ஒன்று மெத்தைபோல் தடித்த ரப்பர். மற்றது மெல்லிய துணி. நம்மவர் சும்மா இருப்பாரா? உள்பக்கத்தைப் புரட்டித் தையலைத் தடவிப் பார்த்தார். மனைவியைக் கையைத் தூக்கச் சொன்னார், குனியச் சொன்னார். “இந்த மெல்லிசுதான். அக்குள்ல பிடிக்கல, கை நல்லா ஓடுது” என்று தீர்ப்புச் சொன்னார். அவளுக்கும் அதுவே பிடித்திருந்தது.

எல்லாம் சரி, கழுத்துதான் கெடுத்தது. கழுத்தில் மெல்லிய ரப்பர் பட்டை ஒன்று தோலோடு ஒட்டிப் பிடித்தது. அவள் முகம் சிவந்து இருமினாள்.

“இதுல வளையம் வளையமா கோடு இருக்கு பாருங்கண்ணே, கழுத்துக்கு ஏத்த மாதிரி வெட்டிக்கிறதுக்கு. இவங்க அளவுக்கு நானே வெட்டிட்டேன்” என்றார் கடைக்காரர். “ரெண்டு நாள் ஒரு பாத்திரத்துல மாட்டி வைங்க, இளகிடும்.”

வெட்டிக்கொள்ளலாம் என்பது மட்டும் தையல்காரர் காதில் நன்றாக ஏறியது.

ஞாயிறு முழுக்க அடுப்படியில் பெரிய பாத்திரம் ஒன்று சூட்டின் கழுத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் அவர் அதில் விரல் விட்டுப் பார்த்தார். ஒரு விரலுக்கே இடமில்லை. ‘அவ்வளவு ஆழத்துல இது கழுத்தை நெரிச்சா எம்பொண்டாட்டி யாரைக் கூப்பிடுவா?’ கத்திரிக்கோலை எடுத்தார். இரண்டு வளையம். பிசிறில்லாமல், கச்சிதமாக.

திங்கட்கிழமை காலை ஜிப்புக்குத் தேய்க்கும் மெழுகைக் கொடுக்க மறந்துவிட்டதாக அந்தக் கடைக்காரரே தையல்கடைக்கு வந்தார்.

“கழுத்து இளகுச்சாண்ணே?”

“இளகுறதாவது! நான் ரெண்டு வளையம் வெட்டி விட்டுட்டேன்ல” என்றார் இவர், பெருமையாக.

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. “அடப்பாவி மனுஷா! கழுத்து வழியா உள்ள தண்ணி போச்சுன்னா சூட் முழுக்க ரொம்பிடும். நாலு டிகிரிண்ணே! கை கால் வராது அவங்களுக்கு!”

அன்று காலைதான் அவள் புது சூட்டோடு ஏரிக்குப் போயிருந்தாள். அவளுக்குப் போன் அடித்தார், யாரும் எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. செருப்பை விட்டுவிட்டுக் கடைக்காரரின் பைக்கில் ஏறினார். வழியெல்லாம் அவருக்குத் தன் கத்திரிக்கோலின் சத்தம்தான் கேட்டது. கொன்றுவிட்டேனே, என் கையாலேயே கொன்றுவிட்டேனே.

ஏரிக்கரையில் மேஸ்திரி அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்து நின்றார். அவள் மார்பளவுத் தண்ணீரில் முகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருந்தாள். “போகாதம்மா!” என்று கத்தினார் தையல்காரர். காதையும் மூடிய தொப்பிக்குள் அவளுக்குக் கேட்கவில்லை. ஜன்மத்தில் தண்ணீரில் கால் வைக்காதவர் பேன்ட்டோடு ஏரிக்குள் ஓடினார். முழங்கால் வரை போவதற்குள் குளிர் எலும்பைக் கடித்தது. இடுப்புக்கு வந்ததும் மூச்சே நின்றுவிட்டது. அப்படியே இன்னும் ரெண்டு எட்டு வைத்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார்.

“என்னங்க இது? உங்களுக்குப் பைத்தியமா?”

அவர் தொப்பியின் ஓரத்தை விலக்கிக் கழுத்துப் பட்டைக்குள் விரலை விட்டார். இரண்டு விரல் தாராளமாகப் போயிற்று.

அவளுக்குப் புரிந்துவிட்டது. “பாத்திரத்துல மாட்டினதால இளகியிருக்குன்னு சந்தோஷப்பட்டேனே…” என்றாள் மெதுவாக. மேஸ்திரி கயிற்றை இறுகப் பிடித்து இரண்டு பேரையும் கரைக்கு இழுத்தார். அன்றைக்கு வேலை நின்றது. ஆட்கள் முன்னால் அவள் வாயில் வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டு, பல் கிடுகிடுக்க நின்றார் அவர்.

கடைக்காரர் புதுக் கழுத்து ஒட்டிக் கொடுத்தார். புதன்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, “நீங்களும் வாங்க” என்றாள். கரையில் சூட்டை மாட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்று தலையை நிமிர்த்தினாள்.

“விரல் போகுதா பாருங்க.”

அவர் முயன்று பார்த்தார். ஆள்காட்டி விரலின் நுனிகூட நுழையவில்லை.

“இறுக்குதாம்மா?”

“இறுக்குதுங்க.”

அவர் கண்ணில் தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

“இறுக்கட்டும்” என்றார்.