நாற்சந்தியில் ஒரு டர்னிப்

டெக்சாஸின் இர்விங்கில் புதிதாக வந்து இறங்கும் தமிழ்க் குடும்பங்களில் முதல் பெரிய சண்டைக்கு மாமியார் காரணமாக இருக்க வழியில்லை. அவர் ஒன்பதாயிரம் மைல் தள்ளி இருக்கிறார். சண்டை காருக்குள் வருகிறது. சனிக்கிழமை காலை, ஆளில்லாத ஏதோ ஒரு பார்க்கிங் லாட்டில், புருஷன் பெண்டாட்டிக்கு டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறான். பத்தாவது நிமிடம், "பிரேக்கு! பிரேக்குன்னா எதுன்னு தெரியாதா, எருமை!" என்கிறான். பதினோராவது நிமிடம் அவள் இறங்கி நடக்கிறாள். டெக்சாஸில் இறங்கி நடந்து யாரும் எங்கும் போய்ச் சேர்ந்ததில்லை என்பதால், பன்னிரண்டாவது நிமிடம் திரும்பி வந்து பின் சீட்டில் ஏறிக்கொள்கிறாள். திங்கட்கிழமை நசீமாவுக்குப் போன் வருகிறது.

நசீமா கடையநல்லூர்க்காரி, வயது நாற்பத்தாறு. ஒரு வெள்ளைக் கொரோலாவும், அதில் தான் உட்காரும் பயணி சீட்டின் காலடியில் கூடுதலாக ஒரு பிரேக்கும், டிரைவிங் சொல்லித்தர முறையான லைசன்ஸும் வைத்திருக்கிறாள். பதினோரு வருடமாக இதுதான் தொழில். அவள் வண்டியில் இதுவரை ஒரு பெண்ணும் அழுததில்லை, லைசன்ஸ் வாங்காமல் போனதுமில்லை. திட்ட மாட்டாளோ என்று நினைத்துவிட வேண்டாம். ஏறி உட்கார்ந்ததிலிருந்து இறங்கும்வரை திட்டுவாள். சரக்குதான் வேறு.

சரக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. அமெரிக்கா வருவதற்கு முன் புருஷன் தஸ்தகீருக்கு லெஸ்டரில் ஏழு வருடம் வேலை. நசீமாவுக்கு அங்கே ஒரு மருந்துக்கடைக் கவுன்டரில் வேலை. முதல் வாரமே இருமல் மருந்தையும் கால் வலித் தைலத்தையும் இடம் மாற்றி அடுக்கிவிட்டாள். கூட வேலை செய்த பவுலின் அதைப் பார்த்து, "யூ டாஃப்ட் டர்னிப்!" என்றாள், அதே மூச்சில் டீயும் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குப் போய் அழலாமா என்று நசீமா பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தாள். அழுகை வரவில்லை. ஊரில் திட்டு என்றால் நாய், கழுதை, எருமை இருக்கும். கொஞ்சம் சூடேறினால் அம்மா, அப்பா, பிறந்த குலம் எல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடும். இதிலோ ஒரு கிழங்குதான் இருந்தது. கிழங்கு யாரை என்ன செய்துவிடும்?

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டாள். டர்னிப், டோனட், ஸ்பூன், ஸ்பேனர், பிளாங்க். ஒரு சமையல்கட்டையும் ஒரு பட்டறையையும் கொட்டிக் கவிழ்த்தால் வெள்ளைக்காரனின் பாதித் திட்டு முடிந்துவிடுகிறது. 'பிளாங்க்' என்றால் பலகை. இரண்டு பலகையை ஒட்டிவைத்த கனம் உன் மண்டை என்று அர்த்தம். 'பார்மி' என்றால் கிறுக்கு. 'பார்ம்' என்பது புளித்துப் பொங்கும் நுரைக்குப் பழைய பெயர். தோசை மாவு பாத்திரத்தை மீறி மேடையில் வழியுமே, மூளை அந்த நிலைமையில் இருக்கிறது என்கிறார்கள். 'வாலி' என்ற திட்டு, லண்டன் மீன் வறுவல் கடைகளில் விற்கும் ஊறுகாய் வெள்ளரிக்காயின் பெயரிலிருந்து வந்தது என்று பவுலின் சாதித்தாள்; அகராதிக்காரர்கள் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. 'டாஃப்ட்' என்ற சொல்லுக்கோ ஒரு காலத்தில் சாது, அடக்கமானவன் என்று பொருளாம். அடக்கமாக இருந்தவனைத்தான் உலகம் பிறகு மடையன் ஆக்கிவிட்டது. நசீமா இதை தஸ்தகீரிடம் சொல்லி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அடக்கமாக இருந்துவிட்டார்.

ஒரே ஒரு சொல் காலை வாரியது. 'பெர்க்.' மடையன் என்று அர்த்தம்; கேட்க எவ்வளவு சாதுவாக இருக்கிறது! இரண்டு வருடம் தஸ்தகீரை அப்படித்தான் அன்பாகக் கூப்பிட்டாள்; ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் முன்னிலையிலும் கூப்பிட்டாள். பிறகு ஒருநாள் நூலக அகராதியில் அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடிப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு உறுப்பின் பெயருக்கு எதுகை கட்டி, அந்த எதுகையையும் பாதியில் வெட்டி, முக்காடு போட்டு அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயே பாவமன்னிப்புக் கேட்டு மூன்று முறை தவ்பா சொல்லி அகராதியை மூடினாள். அதிலிருந்து பிறப்பு விசாரிக்காமல் எந்தத் திட்டையும் வீட்டுக்குள் விடுவதில்லை.

"வெள்ளைக்காரன் நம்மகிட்டேருந்து அவ்வளவு எடுத்துட்டுப் போனான். நான் பதிலுக்கு இதையாச்சும் எடுத்துட்டு வந்தேன்" என்பாள்.

இப்படிப்பட்ட நசீமாவின் பதினோரு வருடப் பெருமைக்கு ஆபத்து சண்முகப்ரியா ரூபத்தில் வந்தது. கோபிசெட்டிபாளையம் பக்கத்துப் பெண், வயது முப்பத்தொன்று. மூன்று வருடம் அபார்ட்மென்டில் காத்திருந்த பிறகு வேலை செய்யும் அனுமதி வந்தது. அனுமதி வந்த மூன்றாம் வாரமே ஒரு டேகேரில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் கிடைத்தது. வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். அந்தப் பக்கம் பஸ் கிடையாது, ரயிலும் கிடையாது. புருஷன் ரஞ்சித்குமார் ஆறு மணிக்கே எதிர்த்திசையில் கிளம்பிவிடுவான். அவளுக்கென்று வாங்கிய கார் இரண்டு மாதமாக பார்க்கிங்கில் வெயில் காய்கிறது. லைசன்ஸ் மட்டும் இல்லை. திங்கட்கிழமை வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்வோம் என்று டேகேரில் இனிமையாகச் சொல்லிவிட்டார்கள். ரோடு டெஸ்ட்டுக்கு மூன்று வாய்ப்பு. இரண்டு போய்விட்டது. மூன்றாவது வியாழக்கிழமை. அதுவும் போனால் விண்ணப்பமே மறுபடி முதலிலிருந்து.

இத்தனைக்கும் அவளுக்கு ஓட்ட வராமல் இல்லை. ஃப்ரீவேயில் வெண்ணெய் மாதிரி போவாள். சிக்கல் நாற்சந்தியில். நாலு பக்கமும் ஸ்டாப் போர்டு வைத்திருப்பார்கள். முதலில் வந்து நின்றவர் முதலில் போக வேண்டும், சட்டம் அவ்வளவுதான். முதல் டெஸ்ட்டில் ப்ரியா முதலில் வந்து நின்றாள். வலப்பக்கம் வந்தவரைப் பார்த்துக் கையைக் காட்டினாள், நீங்க போங்க என்று. எதிரே வந்தவரையும் போகச் சொன்னாள். இடப்பக்கத்துக்காரரையும் அனுப்பிவைத்தாள். கடைசியில் கண்ணாடியில் பார்த்து, பின்னால் நின்றவருக்கும் கை காட்டினாள். பரிசோதகர் பேனாவை மூடிவிட்டார். இரண்டாவது டெஸ்ட்டில் எதிரே ஒரு பிக்கப் டிரக், உள்ளே தொப்பி வைத்த பெரியவர். டெக்சாஸ்காரர்களும் மரியாதையில் லேசுப்பட்டவர்கள் இல்லை. அவர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு விரலைத் தூக்கி, நீ போம்மா என்றார். இவள், நீங்க போங்க என்றாள். கோபிசெட்டிபாளையமும் டெக்சாஸும் ஒன்றையொன்று உபசரித்துக்கொண்டே நின்றதில் பின்னால் ஒரு ஸ்கூல் பஸ் ஹாரன் அடிக்கும்படி ஆயிற்று.

புதன்கிழமை கடைசி வகுப்பு. நசீமா அவளை நேரே ஒரு நாற்சந்திக்குக் கூட்டிப்போனாள்.

"இப்ப யாரோட டர்ன்?"

"என்னோடதுங்கக்கா." சொல்லிக்கொண்டே ப்ரியாவின் கை எழும்பி, பக்கத்துக் காரை வழியனுப்பியது.

"ஏ டர்னிப்பு! இது என்ன பந்தியா, நீங்க மொதல்ல உக்காருங்கன்னு சொல்றதுக்கு?"

ப்ரியா சிரித்தாள். "அவுங்க ஏதோ அவசரமாப் போறாங்களாட்ட இருந்துச்சுங்க."

"அவ அவசரம் உனக்கு எப்படி தெரியும்? போன்ல பேசினியா? போ, இன்னொரு ரவுண்டு."

இன்னொரு ரவுண்டு வந்தார்கள். இன்னொரு கார் வழியனுப்பப்பட்டது. 'ஸ்பூன்' என்றாள் நசீமா, 'பிளாங்க்' என்றாள், 'ஊறுகாய் வெள்ளரிக்கா' என்று தமிழில்கூடச் சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் ப்ரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், ஒவ்வொரு முறையும் கை காட்டினாள். ஆறாவது ரவுண்டில் நசீமாவுக்கு வாய் ஓய்ந்தது. ஓய்ந்த வாயோடு சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் புத்தி வேலை செய்தது. பதினோரு வருடமாக வந்தவர்கள் எல்லாம் பயந்தவர்கள். அவர்களைச் சிரிக்க வைத்தால் பயம் போய்விடும், கால் தானாகப் பிரேக்கைத் தேடும். இவளுக்குப் பயமே இல்லை, இருப்பது மரியாதை. அதைச் சிரிப்பு என்ன செய்யும்? மருந்து சரிதான், ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டாள். லெஸ்டர் அலமாரியில் செய்த அதே தப்பு.

"வண்டிய ஓரம் கட்டு" என்றாள். "இனிமே நான் உன்னை திட்டப்போறதில்ல. நீ திட்டணும்."

"யாரைங்க?"

"எதுத்தாப்புல வர்றவன."

"அக்கா! முன்னப்பின்ன தெரியாதவிங்களயா? எங்க வூட்டுல நாயக்கூட வாங்கன்னுதானுங்க கூப்பிடுவோம்."

"நாயெல்லாம் சொல்லாத. எருமை, கழுதை ஒண்ணும் வேணாம். ஜஸ்ட் ஒரு கிழங்கு. கண்ணாடி க்ளோஸ்ல இருக்கு, அவனுக்கு கேக்காது, வலிக்காது. ஆனா ஒருத்தன திட்டிக்கிட்டே 'நீங்க போங்க'ன்னு கை காட்ட யாராலயும் முடியாது. ட்ரை பண்ணிப் பாரு."

அடுத்த நாற்சந்தியில் ஒரு சாம்பல் நிற வேன் வந்து நின்றது. ப்ரியா கண்ணாடி மூடியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உதடு அசைந்தது.

"டர்னிப்... டர்னிப்புங்க."

"'ங்க' எதுக்குடி?"

"அது இல்லாம வரமாட்டேங்குதுங்கக்கா."

ஆனால் கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. கார் முன்னே போயிற்று. "போகட்டும், 'ங்க' போட்டே திட்டு" என்றாள் நசீமா. அன்று மாலைக்குள் பதினேழு வண்டிகள் மிகுந்த மரியாதையோடு திட்டப்பட்டன.

வியாழக்கிழமை லைசன்ஸ் அலுவலக வாசலில் நசீமா நின்றுகொண்டே இருந்தாள். அங்கிருந்து பார்த்தால் தெருக்கோடி நாற்சந்தி தெரியும். ப்ரியாவின் கார் கிளம்பி, ஒரு சுற்றுப் போய், திரும்பி, நாற்சந்திக்கு முதலில் வந்து நின்றது. எதிரே பிக்கப். இந்த ஊரில் பிக்கப்புக்கா பஞ்சம்? அதற்குள்ளிருந்து இரண்டு விரல் எழுந்தது. நசீமாவின் வலது கால், தார் ரோட்டில், இல்லாத பிரேக்கை மிதித்தது.

ப்ரியாவின் கை ஸ்டியரிங்கை விட்டுக் கொஞ்சம் மேலே வந்தது. நின்றது. கண்ணாடிக்குள் வாய் அசைவது அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. கை இறங்கிவிட்டது. கார் நாற்சந்தியைக் கடந்து போயே போய்விட்டது.

திரும்பி வந்து நிறுத்தியதும் பரிசோதகர் முதலில் இறங்கினார். பெல்ட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பித்தளைக் கொக்கி மாட்டிய ஆள். நேராக நசீமாவிடம் வந்தார். இந்தப் பெண் பாஸ் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, இன்னொரு விஷயம் என்றார். நாற்சந்தியில் அந்தப் பெண் ஒரு டிரைவரை டர்னிப் என்று சொன்னது காதில் விழுந்தது. இருபத்திரண்டு வருட சர்வீஸில் இந்த சீட்டில் உட்கார்ந்து எத்தனையோ கெட்ட வார்த்தை கேட்டாயிற்று, காய்கறி இதுதான் முதல் தடவை. வேறு என்னென்ன இருக்கிறது? நசீமா பிளாங்க்கையும் பார்மியையும் பிறப்போடு சொன்னாள். 'பெர்க்'கைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் பேனாவை எடுத்து ஏதோ ஒரு படிவத்தின் பின்னால் எழுதிக்கொண்டார்.

ப்ரியா இறங்கியதும் நசீமாவைக் கட்டிக்கொண்டாள். "அந்தப் பெரியவர் பாவமுங்கக்கா" என்றாள் முதலில். பிறகுதான், "பாஸுங்க!" என்று கத்தினாள்.

திங்கட்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு நசீமா புதிய மாணவி ஒருத்தியைக் கூட்டிவரக் கிளம்பினாள். வழியில் ஒரு நாற்சந்தி. முதலில் வந்து நின்றது நசீமாதான். அதில் சந்தேகமே இல்லை. வலப்பக்கம் இன்னொரு கார் வந்தது. அது சரியாக நிற்கக்கூட இல்லை. தயங்கியது போல் பேர் பண்ணிவிட்டு நசீமாவின் முறையில் தானே புகுந்து போயிற்று. நசீமா ஹாரனில் கையை வைத்தாள். அப்போது அந்தக் காரின் கண்ணாடி இறங்கியது. உள்ளே டேகேர் டி-ஷர்ட்டில் ப்ரியா.

"லேட் ஆயிருச்சுங்கக்கா! நில்லுங்க, ஊறுகாய் வெள்ளரிக்காய்ங்க!"

நசீமா ஹாரனிலிருந்து கையை எடுத்தாள். பின்னால் மூன்று வண்டிகள் காத்திருந்தன. அவற்றில் ஒன்று ஹாரன் அடிக்கும்வரை, அந்தக் கார் டேகேர் பக்கம் திரும்புவதைப் பார்த்தபடி, தன்னை ஒரு வெள்ளரிக்காய் என்று சொன்னவளை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.