எல்லாவற்றுக்கும் “சுமார்தான்”

இல்லை, அவளுக்கு நர்ஸ் மேல் கோபமே இல்லை. இருந்தும் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்தான்.

இன்று காலை மதுரையில், குறைமாதக் குழந்தைகள் வார்டு. கவனிப்பில் பெற்றோருக்குத் திருப்தியா என்று கேட்டு எழுதுவது என் வேலை. அந்தத் தாய் எழுமலைக்காரி. மகன் பன்னிரண்டு நாளாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான்.

“நர்ஸ் நல்லாப் பாக்குறாங்களா?”

“சுமார்தான்.”

“பிள்ளை தேறிட்டானா?”

“சுமார்தான். எங்க தேறுனான்! எலிக்குஞ்சு மாதிரி கெடக்கான்.”

பெட்டிக்குள் அவன் காலை உதைத்துக்கொண்டிருந்தான். எடை கூடியிருப்பதாகப் பெட்டியில் தொங்கிய சீட்டும் சொன்னது.

பக்கத்தில் நின்ற நர்ஸின் முகம் வாடிவிட்டது. நான் எழுதும் இந்தத் தாள் பெரிய டாக்டரிடம் போகும்.

நர்ஸ் நகர்ந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள்.

“அக்கா, அந்த நர்ஸு தங்கமான பிள்ளை. எம்புட்டுப் பாடுபடுது! ஆனா வீடு போய்ச் சேர்றவரைக்கும் நல்லாருக்குன்னு வாயால சொல்ல மாட்டேன். கண்ணு பட்டுரும்.”

“அப்ப நான் என்னத்த எழுத?”

“படிச்சவுக, ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியவில்லை. தாளில் கண்ணேறுக்குக் கட்டம் இல்லை. உங்களில் யாராவது சொல்லுங்கள், இதை எங்கே குறிப்பது?

இப்போதைக்கு, “வீட்டுக்குப் போகும் நாளில் கேட்கவும்” என்று தாளின் மேலே எழுதினேன். பிறகு நர்ஸிடம் போய் விஷயத்தைச் சொன்னேன், காதோடு.