துளசிராமன் பங்காளி தேடிப் போனது

துளசிராமனுக்குச் சொந்தக்காரர்கள் என்றாலே ஆகாது. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு உருக்கு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். நாலு பேரை அதட்டுகிற வேலை. அதைக் கலெக்டர் உத்தியோகம் மாதிரி தலையில் தூக்கிக்கொண்டு திரிவான். பிறந்தது ஆரம்பாக்கத்தில், நெல் விளைகிற குடும்பத்தில். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். சித்தப்பா மணவாளன்தான் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் ஐடிஐயில் சேர்த்தார். வேலை கிடைத்ததும் தன் பங்கு நிலத்தை விற்றான், திருவள்ளூரில் மாடி வீடு கட்டினான். அதோடு ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அவன் ஆலையிலிருந்து ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் ஆரம்பாக்கம். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த இரண்டு ஸ்டேஷனை அவனால் தாண்ட முடியவில்லை.

அப்படிப்பட்டவன் ஐப்பசி மாத அடைமழையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் அவனுக்குத் தாய்வழியில் மாமன் முறை.

"மாமா, அன்புராஜுக்குக் கல்யாணம். பத்திரிகை வெக்கப் போறோம். ஆரணியில யாரு ஊடு எங்க கீதுன்னு எனக்கு மறந்தே பூட்ச்சு. நீ கூட வா."

"திடீர்னு இன்னாடா சொந்தக்காரன் ஞாபகம்?"

அவன் வாசலில் நின்ற காரின் பக்கம் கையைக் காட்டினான். அவன் பெண்டாட்டி ஜோதிலட்சுமிதான் பின்சீட்டில் இருந்து விஷயத்தைச் சொன்னாள். பெண் வீட்டார் பெரிய குடும்பம். முகூர்த்தத்துக்கு முன்னால் தாம்பூலத் தட்டு மாற்றும்போது மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் பக்கத்தில் மூத்த பங்காளி ஒருவர் உட்கார வேண்டும், பின்னால் பத்துப் பங்காளியாவது நிற்க வேண்டும். அது அவர்கள் வழக்கம். நம் வழக்கமும் அதுதான். "ஒருத்தரும் வரலன்னா, குடும்பத்துல இன்னாமோ குத்தம் கீதுன்னு நெனைப்பேன், அப்பறம் எம் பொண்ண எதுக்குக் குடுக்கணும்னு சம்பந்தி சிரிச்சிக்கினே சொல்லிட்டாரு மாமா" என்றாள்.

அதுதான் சங்கதி. மாமன் முறைக்காரன் நான் அந்த இடத்தில் உட்கார முடியாது. வழி காட்டத்தான் உதவுவேன்.

புதுக் கார். ஏறுவதற்கு முன்னால் என் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் மடியிலேயே வைத்தான். கால் வைக்கிற இடத்தில் பேப்பர் விரித்தான். அன்புராஜ் வண்டி ஓட்டினான், நல்ல பையன், அதிகம் பேசமாட்டான். பெரியபாளையம் தாண்டினதும் இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டின வரைக்கும் வயல், வயல் முழுக்கத் தண்ணீர். எது வரப்பு, எது ரோடு என்று தெரியவில்லை. ஒரு மேடு கிடையாது, ஒரு திருப்பம் கிடையாது. தட்டையான பூமியில் மழை படுத்துக்கொண்டு பெய்தது. துளசிராமன் முன்சீட்டில் உட்கார்ந்து, தான் இல்லாவிட்டால் ஆலையில் உலையே அணைந்துவிடும் என்பதுபோலப் பேசிக்கொண்டு வந்தான்.

பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணியில் முதல் வீடு பூவராகவன் வீடு. துளசிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். நெல் மூட்டைகள்மேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், குடைக்குள் நின்றவனை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு?"

"நான்தான்ணா, துளசி."

"எந்த துளசி? எங்கம்மா செத்தப்ப வராத துளசியா, எம் பொண்ணு கல்யாணத்துக்கு வராத துளசியா?"

"ஷிப்ட்டுண்ணா."

"இன்னிக்கு ஷிப்ட்டு இல்லியா? நல்லதாப் போச்சு, அந்த முனையப் புடி." துளசிராமன் புதுச் சட்டையோடு தார்ப்பாயின் முனையைப் பிடித்தான். கட்டி முடித்ததும் பூவராகவன் பத்திரிகையை வாங்கிப் பிரிக்காமலே மூட்டைமேல் வைத்தார். "ஆரம்பாக்கத்துப் பெரியவர் வந்தா நாங்க எல்லாரும் வர்றோம். அவரு வரலன்னா ஒரு ஈ காக்கா வராது. போய் அவரக் கேளு."

காரில் ஏறினதும் துளசி தலையைத் துடைத்துக்கொண்டே, "பட்டிக்காட்டுத் திமிரு" என்றான். நான் கவரில் இருந்த செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

புதுவாயலில் நெடுஞ்சாலை ஏறினோம். கம்பி ஏற்றின லாரிகள் போகிற போக்கில் சேற்றுத் தண்ணீரைக் காரின்மேல் வாரி இறைத்தன. ஒவ்வொரு தடவையும் துளசி தன் உடம்பில் பட்டதுபோல "அய்யய்ய" என்றான். ஜோதிலட்சுமி பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். துகள் விழும் என்று அதையும் மூடச் சொன்னான். கும்மிடிப்பூண்டி வந்தபோது தன் ஆலையின் புகைக்குழாயைக் காட்டி, "அதான், அதான்" என்றான். அவன் மகன் அந்தக் குழாயைப் பற்றிப் பிறந்ததிலிருந்து கேட்கிறான்.

ஆரம்பாக்கம் போய்ச் சேரும்போது மதியம் ஆகிவிட்டது. தெரு முழங்கால் தண்ணீர். காரை மெயின் ரோட்டிலேயே விட்டுவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். வயல் பக்கமிருந்து கோணிப்பையைத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு கிழவர் மண்வெட்டியோடு வந்தார்.

துளசி அவரைக் கைதட்டிக் கூப்பிட்டான். "யோவ் பெருசு, அருணாச்சலம் ஊடு இதான?"

"இதான். உள்ள வாங்க" என்றார் கிழவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், யோவ்ன்றியே, கண்ணு அவிஞ்சி பூட்ச்சா? மணவாளன்டா அது. உன் சித்தப்பன்!"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை. சித்தப்பாவை அடையாளம் தெரியாமல் போன வெட்கம் என்று நான் நினைத்தேன். அந்தமாதிரி வெட்கம் அவனுக்கு எங்கே வரப்போகிறது? அவன் பத்திரிகைப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்ததைப் பார்த்த பிறகுதான் ஏதோ கோளாறு என்று புரிந்தது. எனக்கு அவன் இன்னும் பத்திரிகை வைக்கவில்லை.

உள்ளே முத்தம்மாள் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மணவாளனின் தம்பி அருணாச்சலத்தின் பெண்டாட்டி. அருணாச்சலம் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைக்கும்போது நான் கூட இருந்தேன். துளசி வரவில்லை. டீயும் வேகவைத்த வேர்க்கடலையும் வந்தது. கல்யாணம் என்று ஜோதிலட்சுமி சொன்னதும் மணவாளன் கையை நீட்டினார்.

"பத்திரிகையக் குடுறா. எம் பேரன் கல்யாணம், நான் படிக்க வேணாமா?"

"அப்பறம் படிக்கலாம் சித்தப்பா, ஈரமா கீது."

"ஈரம்னா காஞ்சிடும். குடு."

வேறு வழியில்லை. மணவாளன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரக்கப் படித்தார். "தெய்வத்திரு... மணவாளன்..." அங்கே நின்றார். இன்னொரு தடவை படித்தார். பிறகு கீழே விரலை ஓட்டினார். "முன்னிலை: மூத்த பங்காளி, திரு அருணாச்சலம்."

மணவாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

விஷயம் இவ்வளவுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஊரிலிருந்து போன் வந்திருக்கிறது, சித்தப்பா தவறிவிட்டார் என்று. எந்தச் சித்தப்பா என்று கேட்க இந்தப் பெரிய மனிதனுக்கு அரை நிமிஷம் இல்லை. மூத்தவர்தானே முதலில் போவார் என்று தானே முடிவு செய்துகொண்டு, திருவள்ளூர் பாத்ரூமில் தலைமுழுகி, மணவாளனுக்குத் தீட்டைக் கழித்துவிட்டான். சோறு போட்டு வளர்த்தவரை ஒன்பது வருஷமாகச் சாகடித்தே வைத்திருக்கிறான். செத்தவரைக் கல்யாணத்துக்கு முன்னிலை வகிக்கக் கூப்பிட்டிருக்கிறான்.

மணவாளன் கோபப்படவில்லை. "இன்னாடா துளசி, எனுக்குக் கருமாதியெல்லாம் நல்லபடியா செஞ்சியா?" என்றார்.

"சித்தப்பா, தப்பு நடந்து பூட்ச்சு. பொண்ணு ஊட்டுக்காரங்களுக்கு ஐந்நூறு பத்திரிகை ஏற்கெனவே போயிட்ச்சு. ஒண்ணும் பண்ண முடியாது." துளசி குரலைத் தாழ்த்தினான். அடுத்து அவன் சொன்னதை நான் என் காதால் கேட்டேன், இல்லாவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். "நீ வந்து உக்காந்துக்கோ. யாராச்சும் கேட்டா, அருணாச்சலம்னு சொல்லிடு. ஒரு நாள்தான. யாருக்குத் தெரியப்போவுது?"

அன்புராஜ் தலையைக் குனிந்துகொண்டான். ஜோதிலட்சுமி, "ஐயோ, சும்மா இருங்களேன்" என்றாள்.

டம்ளர்களை எடுக்க வந்த முத்தம்மாள் நின்றாள். "அப்ப நானும் அன்னிக்கு நெத்தியில பொட்டு வெச்சிக்கினு, தலையில பூ வெச்சிக்கினு வரட்டுமா துளசி? எம் புருசன்தான் முன்னிலையாச்சே. பக்கத்துல நான் இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

"சின்னம்மா, நான் அப்படிச் சொல்லல..."

"வேற எப்படிடா சொன்ன? சொல்லேன், கேக்குறேன்."

மணவாளன் பத்திரிகையை மடித்து அவன் கையிலேயே கொடுத்தார். "இது அருணாச்சலத்துக்கு வெச்ச பத்திரிகை. சுடுகாடு ஏரிக்கரையில கீது, போய் அங்க வெச்சிட்டுப் போ" என்று எழுந்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

திரும்பி வரும்போது துளசி கும்மிடிப்பூண்டி தாண்டினதும், "ஆலையில கீற பசங்க பத்துப் பேரைப் பங்காளின்னு நிக்க வெச்சா இன்னா?" என்றான். அதில் பாதிப் பேருக்குத் தமிழே தெரியாது. அன்புராஜ், "நைனா, வாய மூடிக்கினு வா" என்றான். அவன் அப்பாவிடம் அப்படிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மணவாளன் வரமாட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். முத்தம்மாள் விடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். "நீ போவலன்னா, அவன் அச்சடிச்சது நெசம்னு ஆயிடும் மாமா. உம் பேரைச் சொல்லிக்கினு நீ போய் உக்காரு" என்றாளாம்.

கார்த்திகையில் கல்யாணம். தட்டு மாற்றுகிற நேரம். மணைக்குப் பின்னால் துளசி தன்னந்தனியாக, பட்டு வேட்டியில் வேர்த்து நின்றான். சம்பந்தி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மினி வேன் வந்து நின்றது. மணவாளன் இறங்கினார், பூவராகவன் இறங்கினார், மொத்தம் பதினாறு பேர். நேராக மேடைக்கு வந்து மூத்த பங்காளி மணையில் மணவாளன் உட்கார்ந்தார்.

சம்பந்தி கும்பிட்டார். "அருணாச்சலம் ஐயாங்களா?"

"அவன் என் தம்பி. போய் ஒம்பது வருசம் ஆவுது. நான் மணவாளன்" என்றார் கிழவர், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். "பத்திரிகையில மேலயே பாத்திருப்பீங்களே."

சம்பந்தி பத்திரிகையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மறுபடி பத்திரிகையைப் பார்த்தார். பெண்கள் பக்கம் சிரிப்பு கிளம்பி மண்டபம் முழுக்கப் பரவியது.

"அச்சாபீஸ்காரன் மாத்திப் போட்டான் சம்பந்தி" என்றான் துளசிராமன் அவசரமாக.

மணவாளன் தாம்பூலத் தட்டை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "அவன் மேல எதுக்குடா பழி போடுற? அவனுக்கு நான் யாருன்னே தெரியாது. உனுக்கில்ல தெரியும்."

துளசிராமன், பந்தியில் இலை போட்டாச்சா என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கீழே இறங்கிப் போனான். தாலி கட்டுகிற வரைக்கும் வரவில்லை.