பெல்ட்டைப் பிடித்த கை

ராய்ஸ் டில்மனின் முகத்தை டிவியில் பார்த்தவர்கள் யாரும் இல்லை. கையைப் பார்த்தவர்கள் மிசிசிப்பி முழுக்க இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் எங்கள் கோச் ஹாலிஸ் பிரிட் நடுவரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தும்போது, அவர் இடுப்புக்குப் பின்னால், திரையின் ஓரத்தில், நரைமுடி மண்டிய ஒரு கை தெரியும். நாலு விரலும் பெல்ட்டுக்குள் இருக்கும், கட்டை விரல் மட்டும் வெளியே. அதுதான் ராய்ஸ்.

டன்மோர் ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் அவருக்குச் சம்பளம் தந்தது வேறு வேலைக்கு. ஹெல்மெட்டுக்குள் காற்றடைப்பது, தோள்கவசத்துக்கு வார் மாற்றுவது, மூட்டை மூட்டையாக வரும் சேற்றுச் சட்டைகளைத் துவைத்து மடிப்பது. பெல்ட் பிடிப்பது கூடுதலாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆடுகளத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. ஆட்டம் நடக்கும்போது கோச் அதில் கால் வைத்தால் நடுவர் எச்சரிப்பார். மறுபடி வைத்தால் மஞ்சள் துணி பறக்கும், தண்டனையாக அணியைப் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். கோச் பிரிட்டுக்குக் கோபம் வந்தால் பட்டையும் தெரியாது, பாட்டனும் தெரியாது. அதனால் பின்னாலேயே ஓடிப் பிடித்து இழுக்க ஓர் ஆள் வேண்டும். எல்லா அணியிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். எங்கள் அணியில், நான் வந்து சேர்ந்த காலத்திலிருந்தே அது ராய்ஸ்தான்.

நான் படப்பிடிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஆட்டத்தை உயரத்திலிருந்து படம் பிடித்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் துண்டு துண்டாக வெட்டிப் பயிற்சியாளர்களிடம் கொடுப்பது என் வேலை. அணி தோற்றுக்கொண்டே இருந்தால் கோச் போவார். கோச் போனால் அவரோடு நாங்களும் போவோம். மற்றவர்களுக்கு வேலைதான் போகும், எனக்கு விசாவும் சேர்ந்து போகும். ஆகவே எங்கள் அணி ஆடும்போது நான் ஒரு தடவைகூட நிம்மதியாக மூச்சு விட்டதில்லை. ராய்ஸின் அந்தக் கை திரையில் தெரியும்போது மட்டும் கொஞ்சம் தைரியம் வரும்.

அந்தக் கோடையில் ராய்ஸுக்கு முட்டி மாற்று அறுவை நடந்தது. கோச்சே ஆஸ்பத்திரிக்குப் போய், வாழைப்பழப் புட்டிங் கொடுத்து, "நீ நல்லா ஓய்வெடு ராய்ஸ். சீசன் ஆரம்பத்துல மட்டும் டாக்ஸ் பாத்துக்கட்டும்" என்றார். ராய்ஸும் தலையாட்டினார். படுக்கையில் மயக்கம் தெளியாத மனிதர் தலையாட்டாமல் என்ன செய்வார்?

டாக்ஸ் மெரிவெதர் உடற்பயிற்சிக் கூடத்தில் எடை தூக்கச் சொல்லித் தரும் உதவியாளன். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைக் கையை வெட்டிவிட்டுத்தான் போடுவான், குளிர்காலத்திலும். முதல் ஆட்டத்திலேயே கோச் பட்டையை நோக்கிப் பாய, டாக்ஸ் அவரைப் பெல்ட்டோடு அப்படியே தூக்கி, குழந்தையை இறக்கிவிடுவதுபோல் பின்னால் கொண்டுபோய் வைத்தான். வைத்துவிட்டுக் கேமராவைப் பார்த்துக் கண்ணடித்தான். மறுவாரம் மாணவர்கள் அவன் படம் போட்ட பனியன் அணிந்து வந்தார்கள்.

"இத்தனை வருஷம் புடிச்சேன். எனக்கு ஒரு கர்ச்சீப் அடிச்சானுங்களா?" என்றார் ராய்ஸ்.

இதைச் சொன்னது என் அறையில். அந்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் நேராக வந்துவிட்டார். கோட்டு, டை, கையில் வேகவைத்த வேர்க்கடலைப் பொட்டலம். மற்றவர்கள் என்னிடம் வந்தால் பந்தை யார் தவறவிட்டான், யார் யாரை மறிக்காமல் விட்டான் என்று பார்ப்பார்கள். ராய்ஸுக்குப் பந்தே வேண்டாம்.

"தம்பி, கீழ் ஓரத்தைப் பெருசாக்கு. இன்னும். ஆங், இடுப்பு தெரியுதா?"

தெரிந்தது. ராய்ஸ் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரைக்கு அருகில் போனார்.

"பாரு. மொத்தக் கையால புடிக்கிறான். சூட்கேஸா தூக்கறான்? கோச்சுக்கு இடுப்பு வலிக்காது?"

வாராவாரம் வந்தார். வாராவாரம் அதே ஓரம். முட்டி ஆறி, தடியில்லாமல் நடந்து, பிறகு படி ஏறி இறங்கவும் ஆரம்பித்தார். ஆனாலும் பெல்ட் டாக்ஸிடமே இருந்தது. குளிர் தொடங்கியதும் ஆட்ட நாட்களில் ராய்ஸுக்கு, ஆட்டக்காரர்கள் குளிர்காய வைக்கும் கனல் அடுப்புப் பக்கத்தில் நின்று பையன்களுக்குக் கோட்டு மாட்டிவிடும் வேலை.

அக்டோபர் வாக்கில்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்தோம். படத்தை முன்னும் பின்னும் ஓட்டச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தவர் கடலை உரிப்பதை நிறுத்தினார்.

"இவர் ஏன் சும்மா நிக்கிறாரு?"

"யாரு?"

"கோச்சு. நடுவர் தப்பா சொல்லிட்டான். கண்ணு தெரியாதவனுக்கும் தெரியும். இவர் போகவே இல்லையே!"

உண்மைதான். கோச் பட்டைக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்று, கையைக் கட்டிக்கொண்டு கத்தினார். டாக்ஸின் கை பெல்ட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. முந்தின வாரப் படத்தைப் போட்டோம். அதிலும் அப்படியே.

"டாக்டர் பி.பி.ன்னு சொல்லியிருப்பாரு" என்றேன்.

"பி.பி. நான் புடிக்கும்போதும் இருந்துச்சு. மாத்திரை எடுத்துக் குடுத்ததே நான்தான்." குரல் இறங்கிவிட்டது. "எங்கிட்ட ஒரு நாள் அடங்கி நின்னிருப்பாரா? இழுத்து இழுத்து என் தோள்பட்டை போச்சு. இவன்கிட்ட பாரு, பூனைக்குட்டியாட்டம் நிக்கிறாரு."

நீங்கள் பிடித்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் உங்களிடம் அப்படிப் பாய்ந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவும் செய்தேன். ராய்ஸ் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"படிச்சவங்க எல்லாம் இப்படித்தான் ஆறுதல் சொல்வீங்களா?"

அன்று சாயங்காலம் என்னை வீட்டுக்குக் கூட்டிப் போனார். அவர் மனைவி லுவான் பொரித்த கெளுத்தி மீனைத் தட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள்: "என்ன, இன்னிக்கும் போய் இடுப்பு பாத்துட்டு வந்தாச்சா?"

"நீ சும்மா இரு, லுவான்."

"நாலு பேர் முன்னாடி சொல்றேன். எங்க கல்யாணத்துல டான்ஸ் ஆடறப்போகூட இந்த மனுஷன் என் இடுப்பை அப்படிப் புடிச்சதில்ல. அந்த ஹாலிஸ் பிரிட்டுக்கு ஒண்ணுன்னா மட்டும்…"

"நீ பட்டையைத் தாண்டி ஓடினியா என்ன?"

"ஓடியிருக்கணும். தப்புப் பண்ணிட்டேன்."

சீசனின் கடைசி ஆட்டம் லோரிங் டெக் கல்லூரியோடு. டெக் ஆட்டம் என்றால் எங்கள் ஊரில் வேறு கணக்கு. மற்ற எல்லா ஆட்டத்திலும் தோற்று அதில் ஜெயித்தால்கூடக் கோச்சிடம் கடையில் காசு வாங்க மாட்டார்கள். ராய்ஸ் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்து அந்த ஒன்றை மட்டும் மனதில் பிடித்துக்கொண்டார். டெக் ஆட்டத்தில் பெல்ட் தன் கையில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு டாக்ஸ் என்ன, வேறு எவன் பிடித்தாலும் பரவாயில்லை என்றார். நான் நம்பவில்லை.

அந்த வாரம் கோச் புதுத் தொப்பி வாங்க ராய்ஸின் தளவாட அறைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன், கேமராவுக்கு மழை உறை தேடிக்கொண்டு. ராய்ஸ் வேண்டுமென்றே ஏணியில் ஏறி மேல்தட்டிலிருந்து தொப்பியை எடுத்தார்.

"பாத்தீங்களா கோச், முட்டி சரியாயிடுச்சு."

"அட, நல்ல சேதிய்யா."

"டெக் ஆட்டத்துக்கு…"

"டெக் ஆட்டத்துக்குச் செம குளிராம். உள்ள போட்டுக்கக் கனமா ஒண்ணு எடுத்து வையி."

"எடுத்து வெச்சுட்டேன். நான் சொல்ல வந்தது, பெல்ட்டு…"

கோச் தொப்பியை மாட்டி, கழற்றி, வளைத்து, மறுபடி மாட்டினார். "பையன் நல்லாத்தான் பண்றான், ராய்ஸ்" என்று தொப்பியிடம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ராய்ஸ் ஏணியிலிருந்து இறங்க நெடுநேரம் ஆனது. முட்டியால் அல்ல.

அப்போது பார்த்து டாக்ஸ் கதவில் தலையை நீட்டினான். "மிஸ்டர் ராய்ஸ், கை இல்லாத மழைக்கோட்டு இருக்குங்களா?"

"இருக்கு. மழை இல்லாத ஊர்ல போய்க் கேளு."

ஆட்ட நாளன்று நான் கேமராவோடு அரங்கத்தின் உச்சியில் இருந்தேன். கீழே நடந்ததில் பாதி கண்ணால் பார்த்தது, பாதி பிறகு படத்தில் பார்த்தது. முதல் பாதி முழுக்க ராய்ஸ் கனல் அடுப்போடு இருந்தார். இரண்டாம் பாதியில் அடுப்பை ஓரமாக நகர்த்தினார். காற்று அந்தப் பக்கம் அடிக்கிறதாம். மறுபடி நகர்த்தினார். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் அடுப்பும் ராய்ஸும் கோச்சின் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்திருந்தார்கள். டாக்ஸ் திரும்பிப் பார்த்து, "அனலடிக்குது மிஸ்டர் ராய்ஸ்" என்றானாம். "அடிக்கட்டும்" என்றாராம் இவர்.

நாங்கள் மயிரிழையில் முன்னிலை. எங்கள் பையன் ஒருவனை டெக்காரன் ஹெல்மெட்டின் முகக்கம்பியைப் பிடித்தே இழுத்துச் சாய்த்தான். நடுவர் பார்த்தும் தப்பென்று சொல்லவில்லை. கோச்சின் கழுத்து சிவந்தது. அத்தனை வாரம் பூனைக்குட்டியாக நின்றவர் பட்டையை நோக்கிக் கிளம்பினார்.

டாக்ஸ் எப்போதும்போல் பெல்ட்டைக் கொத்தாகப் பிடித்தான். அதே நொடியில், அவன் கைக்கு அடியில் இன்னொரு கை நுழைந்தது. நரைமுடி மண்டிய கை. டாக்ஸ் தன் பலத்துக்கு இழுத்தான். ராய்ஸ் இத்தனை வாரம் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து இழுத்தார். ஒரு மனிதரை இழுக்க ஒருவர் போதும். கோச் பிரிட்டின் இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பின. தொப்பி ஒரு பக்கம், காதில் மாட்டியிருந்த கருவி ஒரு பக்கம். பொத்தென்று மல்லாக்க விழுந்தார். அவர்மேல் டாக்ஸ். பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ராய்ஸ்.

நடுவர் மஞ்சள் துணியைப் பாதி உருவியிருந்தார். கோச் பட்டையைத் தொடாமல், எங்கள் பக்கத்திலேயே கிடந்தார். நடுவர் துணியைத் திரும்பச் செருகிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பினார். தோள் குலுங்கியது.

"நான் புடிச்சிருந்தேன்ல!" என்று டாக்ஸ் கத்தியது கேமரா ஒலிவாங்கியிலேயே விழுந்திருக்கிறது.

"எங்கடா புடிச்ச? பல்லைக் காட்டிட்டு நின்ன!"

"நீங்க அடுப்பைத்தானே பாக்கணும்!"

"ரெண்டு பேரும்" என்றார் கோச், வானத்தைப் பார்த்தபடி, "என் இடுப்புலேர்ந்து கையை எடுங்கய்யா."

ஜெயித்துவிட்டோம். என் விசாவுக்கு இன்னொரு வருஷம் ஆயுள். ஆனால் ஊர் பேசியது ஜெயித்ததைப் பற்றி அல்ல. கோச் பறந்து விழும் காட்சி ஒவ்வொரு செல்போனிலும் ஓடியது. அதில் முதல் முறையாக ராய்ஸின் முகமும் இருந்தது, வாயைப் பிளந்துகொண்டு. "கடைசியில மூஞ்சி வந்துடுச்சு. பல் செட்டு வெச்சிட்டுப் போயிருக்கலாம்" என்றாள் லுவான்.

திங்கட்கிழமை கோச் தளவாட அறைக்கு வந்தார். மெதுவாகத்தான் வந்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. டாக்ஸையும் கூப்பிட்டனுப்பினார்.

"இனிமே என் பெல்ட்டை எவனும் புடிக்க வேணாம். பெல்ட்டே வேணாம். ராய்ஸ், எலாஸ்டிக் வெச்ச பேன்ட் ஒண்ணு எடு."

"சைஸ் எனக்குத் தெரியும் கோச்" என்றார் ராய்ஸ், கேட்காமலேயே.

டாக்ஸின் முகம் தொங்கிப்போனது. நான் ராய்ஸைப் பார்த்தேன். பெல்ட் வேலையும் போய், கெஞ்சிக் கேட்டதும் கிடைக்காமல் போன மனிதர் சீட்டியடித்துக்கொண்டு பேன்ட்டை மடித்தார். அந்த சீசனில் அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததே இல்லை. டாக்ஸ் போகும்போது கூப்பிட்டு, "கடலை சாப்பிடறியா?" என்றுகூடக் கேட்டார்.

இனி அவர் என் அறைக்கு வர மாட்டார் என்று நினைத்தேன். டிசம்பர் கடைசியில், சீசனில் நன்றாக ஆடிய அணிகளுக்கென்று லூசியானாவில் நடத்தும் ஒரு கோப்பை ஆட்டம் ஆடிவிட்டு வந்தோம். ஞாயிற்றுக்கிழமை அதே கோட்டு, அதே டை, அதே பொட்டலம்.

"சும்மா ஒரு தடவை, தம்பி. கீழ் ஓரம்."

பெரிதாக்கினேன். நடுவர் ஏதோ சொல்கிறார். கோச் பட்டைக்கு வருகிறார். பின்னால் யாருமில்லை. பாதி அடி வைத்துவிட்டுத் தயங்குகிறார். வலது கை பின்னால் போகிறது. எலாஸ்டிக்கைத் தானே கொத்தாகப் பிடித்துக்கொள்கிறது. அப்படியே தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நின்று கத்துகிறார்.

ராய்ஸ் எழுந்து திரைக்கு அருகில் போனார். நெடுநேரம் அந்தக் கையையே பார்த்தார். முகத்தில் அந்தப் பழைய எரிச்சல் மெல்ல ஏறி வந்து உட்கார்ந்துகொண்டது.

"கட்டை விரலையும் உள்ள விட்டிருக்காரு, பாரு" என்றார். "புடிக்கவே தெரியல."