பருத்திப்பட்டிலிருந்து மஸ்கட்டுக்கு, பூந்தமல்லி வழியாக

பருத்திப்பட்டு நிறுத்தத்துக்கு நாங்கள் வந்தபோது காலை ஒன்பது மணி இருக்கும். நாங்கள் என்றால் நானும் என் மகள் யாழினியும். அவளுக்கு மூன்று வயது முடிந்து சில மாதங்கள் ஆகின்றன. என் தோள்பையில் தண்ணீர் பாட்டில், ஒரு டப்பாவில் இட்லி, அவளுக்கு மாற்றுத்துணி, சார்ஜர். கையில் கைப்பேசி. அதற்குள் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடையின் பரிசு அட்டைகள், அறுபதாயிரம் ரூபாய்க்கு. பூந்தமல்லி இங்கிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் என் கணக்கில் அன்று நாங்கள் கிளம்பியது மஸ்கட்டுக்கு.

என் கணவர் மஸ்கட்டில் ஏசி பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறார். யாழினி தவழ்ந்துகொண்டிருந்தபோது போனவர் இன்னும் வரவில்லை. வந்தால் சம்பளம் பிடிப்பார்கள். யாழினிக்கு அப்பா என்றால் கைப்பேசித் திரையில் தெரியும் முகம். சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தால், "அப்பா தூங்கிட்டாரு" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவாள். அவர் வர முடியாவிட்டால் நாங்கள் போக வேண்டும். போக டிக்கெட் வேண்டும். டிக்கெட்டுக்குப் பணம் இல்லை. அப்போதுதான் பாயிண்ட் சேர்க்கத் தொடங்கினேன்.

இந்தப் பாதையில் போகாதவர்களுக்கு வழியைச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் நான் வேலை பார்த்த காலத்தில் வங்கி கொடுத்த கிரெடிட் கார்டு என்னிடம் இருக்கிறது. வங்கியின் செயலி வழியாக அந்தக் கார்டில் கடைகளின் பரிசு அட்டைகளை வாங்கினால், சாதாரணச் செலவுக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு பாயிண்ட் கிடைக்கும். பாயிண்டைக் கொண்டு விமான டிக்கெட் எடுக்கலாம். பரிசு அட்டையை யாருக்காவது பயன்படும்படி கொடுத்துப் பணமாக்க வேண்டும். அந்தப் பணத்தில் கார்டு பில்லைக் கட்ட வேண்டும். வாங்கியதும் விற்றதும் சரியாகப் போய், நடுவில் ஒட்டிக்கொண்ட பாயிண்ட் மட்டும் நமக்கு.

ஒன்றரை வருடம் இதைச் சிறிய அளவில் செய்தேன். எங்கள் குடியிருப்புப் பெண்கள் மாத மளிகைச் சீட்டையும் பணத்தையும் என்னிடம் தருவார்கள். நான் சூப்பர்மார்க்கெட் அட்டையில் பருப்பும் எண்ணெயும் வாங்கி அவரவர் வாசலில் இறக்குவேன். மூட்டை தூக்கி இடுப்பு வலித்தாலும் கணக்கு ஒருநாளும் தப்பவில்லை. ஒன்றுதான் தப்பியது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையை விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ளலாம். இரண்டு முடிந்தால் தனி இருக்கை, தனி டிக்கெட். நான் பாயிண்ட் சேர்த்த வேகத்தைவிட அவள் வேகமாக வளர்ந்துவிட்டாள்.

அதனால்தான் இந்தப் பெரிய தொகை. என்னோடு வேலை பார்த்த மஞ்சுளாவின் தங்கைக்கு அடுத்த மாதம் கல்யாணம். சீருக்கு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாம் வாங்க வேண்டும். "உன் கார்டுலயே வாங்கிக்கலாம்க்கா, அப்பா பணத்த உங்கிட்ட குடுத்துடுவாரு" என்று அவள்தான் சொன்னாள். வாங்கினேன். பாயிண்டும் ஏறிவிட்டது. இரண்டு டிக்கெட்டுக்குப் போதும். "இப்பவே போட்டுடு சரண்யா" என்றார் கணவர். பில்லைக் கட்டிய பிறகுதான் டிக்கெட் என்று சொல்லிவிட்டேன். கடனை வைத்துக்கொண்டு ஊருக்குப் போகக் கூடாது என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட ஒழுங்கு. பில்லுக்குக் கடைசி நாள் மறுநாள்.

ஆவடியிலிருந்து வந்த இளஞ்சிவப்பு நிறப் பேருந்தில் கூட்டம். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பூஜ்யம் என்று அச்சடித்த சீட்டு மட்டும் தருவார்கள். யாழினி தனக்கும் ஒன்று வேண்டும் என்று கையை நீட்டினாள்.

"உனுக்கு டிக்கெட் இல்ல கண்ணு. அம்மா மடியில குந்திக்கினு ஜாலியா வா" என்றார் நடத்துநர். பிறகு என் சீட்டையே அவள் கையில் கொடுத்தார். "இந்தா, பத்ரமா வெச்சுக்கோ. செக்கிங் வந்தா நீதான் காட்டணும்."

காடுவெட்டியில் கூவத்தைக் கடந்தோம். பாலத்தின் கீழே ஆகாயத்தாமரை தண்ணீரை மூடியிருந்தது. சென்னீர்குப்பத்தில் கொஞ்சம் கூட்டம் இறங்கியது. கரையான்சாவடி வந்ததும் மெட்ரோ தூண்களின் நிழல் விட்டு விட்டு ஜன்னலில் விழுந்தது. சோதனைக்கு யாரும் வரவில்லை. யாழினிக்கு அது பெரிய ஏமாற்றம்.

பூந்தமல்லிக் கடையின் வாசலிலேயே மஞ்சுளாவும் அவள் அப்பா தணிகாசலமும் நின்றிருந்தார்கள். செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீர் பாய்ந்த வயல்களில் கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். அந்த வயல்கள் மனைகளான பிறகு அவர் திருமழிசைத் தொழிற்பேட்டையில் காவலாளி வேலைக்குப் போகிறார்.

"வாம்மா. வெயிலு இன்னா காயுது பாரு. கொயந்தைக்குத் தண்ணி குடுத்தியா?" என்றபடி யாழினியைத் தூக்கிக்கொண்டார்.

ஃபிரிட்ஜுக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஆனது. மஞ்சுளா சிவப்பு கேட்டாள். அவர் கதவைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தார். "சத்தம் கம்மியா கீதா? மாப்ள ஊடு ஒரே ரூமு. ராவுல இது உறுமிக்கினு கெடந்தா எம் பொண்ணு தூங்காது" என்று விற்பனையாளரைச் சிரிக்க வைத்தார். எல்லாம் தேர்ந்தெடுத்து முடித்தபோது என் அட்டைகளின் தொகைக்குச் சற்றே மேலே வந்தது. எனக்குள் பல நாளாக முடிச்சிட்டிருந்த ஒன்று தளர்ந்தது. மஸ்கட்டில் இறங்கும்போது யாழினிக்கு எந்தச் சட்டை போடுவது என்றுகூட யோசித்துவிட்டேன்.

பில் போடும் பெண், "யார் பேர்ல சார்?" என்று கேட்டாள்.

"மு. தணிகாசலம்."

"கிஃப்ட் கார்டு யார் நம்பர்ல இருக்குதோ அவங்க பேர்லதான் சார் பில் வரும். வாரண்டியும் அப்படித்தான். மாத்த முடியாது."

அவர் யாழினியை மெதுவாக இறக்கிவிட்டார்.

"பேர்ல இன்னாப்பா கீது? பொருளு நம்ம ஊட்டுக்குத்தானே வருது?" என்றாள் மஞ்சுளா.

"இன்னா பேசற நீ? தட்டுல பில்லு வெக்கணுமா வேணாவா? மாப்ள ஊட்ல அந்த சித்தப்பன் கீறானே, எடுத்துப் படிச்சுப் பாப்பான். சரண்யா யாரு, அந்தம்மா இன்னாத்துக்கு வாங்கிக் குடுத்துச்சுன்னு கேப்பான். கடன் வாங்கி சீர் செஞ்சான்னு எம் பொண்ணு ஆயுசுக்கும் கேட்டுக்கினு கெடக்கணுமா?"

எங்கள் பக்கத்தில் சீர்ப் பொருட்களை மண்டபத்தில் வரிசையாக அடுக்கி, அவற்றின் பில்களையும் வாரண்டி அட்டைகளையும் ஒரு தட்டில் வைத்துக் கொடுப்பது வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல. என் கல்யாணத்தில் கணவரின் அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு பில்லாகப் படித்தார். "கிரைண்டர் பில் எங்க?" என்று அவர் கேட்டதும் என் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடியதை மேடையிலிருந்து பார்த்தேன். பரிசு அட்டை வாங்கும் முன் கடையின் விதிகளை மூன்று முறை படித்தவள் நான். யார் பெயரில் பில் என்ற வரியும் அதில் இருந்தது. அதைப் படித்தபோது அந்தத் தட்டு என் நினைவுக்கு வரவேயில்லை.

"மூவாயிரம் குறைச்சுக் கொடுத்தா போதும்பா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"காசுக்கு இல்லம்மா" என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார். "நீ தப்பா எடுத்துக்காத. உன் அப்பாவா இருந்தாலும் இதான சொல்லுவாரு?"

ஆமாம், சொல்லியிருப்பார். தணிகாசலம் தன் பணத்தில், தன் பெயரில் பில் வாங்கினார். யாழினிக்கு ஒரு கோன் ஐஸும் வாங்கித் தந்தார். சாமான்கள் வண்டியில் ஏறும்வரை மஞ்சுளா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கிளம்பும்போது, "அக்கா, குத்தம்பாக்கம் ரோட்ல மொபைல் கடை வெச்சுக்கினு ஒருத்தர் கீறாரு. இந்த மாதிரி கார்டெல்லாம் எடுப்பாராம். போய்ப் பாருக்கா" என்று கடை இருக்கும் இடத்தைச் சொன்னாள்.

பூந்தமல்லியிலிருந்து குத்தம்பாக்கம் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். உச்சி வெயில். திருமழிசை தாண்டியதும் லாரிகளின் தூசி. யாழினியின் முழங்கைவரை ஐஸ் ஒழுகியிருந்தது. இன்னொரு கையில் பேருந்துச் சீட்டு கசங்கிக் கிடந்தது. திரும்பிப் போய் மூவாயிரத்துக்குப் பதில் ஐந்தாயிரம் குறைப்பதாகச் சொல்லியிருக்கலாமோ என்று நினைத்தேன். பிறகு அந்த நினைப்புக்காக வெட்கப்பட்டேன். வெட்கப்பட்ட பிறகும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுப் பேருந்து முனையத்தின் பெரிய கூரை வலதுபுறம் தெரிந்தபோது யாழினி எழுந்து நின்றுவிட்டாள்.

"அம்மா! ஏர்போர்ட்!"

ஒன்றரை வருடமாக வீட்டில் நாங்கள் பேசுவது ஏர்போர்ட் பற்றித்தான். பெரிய கூரை, நிறையக் கண்ணாடி, அங்கே போனால் அப்பா என்று அவளுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன்.

ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். "ஆமா பாப்பா. உள்ள நாலு ஏரோப்ளேன் நிக்கிது. ஒண்ணு ரிப்பேரு, நான்தான் சரி பண்ணணும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். அது பேருந்து நிலையம் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொல்லவில்லை. கூரை மறையும்வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மொபைல் கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, கைப்பேசியை வாங்கிப் பார்த்தார்.

"மளிகை கார்டுன்னா நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு தருவேன்க்கா. இது ஃபிரிட்ஜு, டிவின்னு கீது. எப்போ எவன் வாங்குவான்னு நான் குந்திக்கினு இருக்கணும். எண்பது."

"எண்பத்தெட்டாவது குடுங்க அண்ணா."

"அக்கா, எனுக்கு அவசரமே இல்ல. நாளைக்கு வா, அடுத்த மாசம் வா, இதே கடை, இதே ஃபேனு. அவசரம் உங்க மூஞ்சில எய்திக் கீது."

எண்பது என்றால் பன்னிரண்டாயிரம் துண்டு விழும். வீட்டில் இருந்தது யாழினியின் எல்கேஜி கட்டணம். திங்கட்கிழமை கட்ட வேண்டிய பணம். அதைத் தொட முடியாது. பில்லில் பாக்கி வைத்தால் வட்டி. இன்னும் இரண்டு கடையில் கேட்டுப் பார்த்திருக்கலாம். வங்கிக்குத் தொலைபேசியில் பேசியிருக்கலாம். அப்போது எனக்கு ஒன்றுதான் தோன்றியது: முடித்துவிட வேண்டும். அட்டைகளின் எண்களை ஒவ்வொன்றாக அனுப்பினேன். அவர் ஒவ்வொன்றையும் சரிபார்த்துத் தலையசைத்தார். நாற்பத்தெட்டாயிரம் என் கணக்கில் வந்து விழுந்தது. ஏமாற்றவில்லை. அவர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை.

பூந்தமல்லிப் பேருந்து நிலையத்தில் ஆவடி வண்டிக்குக் காத்திருந்தபோது பில்லைத் திறந்தேன். இருந்த பணத்தைக் கட்டினேன். மீதிக்குக் கீழே, எப்போதும் நான் பார்த்துவிட்டுக் கடந்துபோகும் அந்தப் பொத்தான் இருந்தது. பாயிண்டைக் கொண்டும் பில் கட்டலாம். ஒரு பாயிண்டுக்குக் கால் ரூபாய். விமானத்துக்குக் கொடுத்தால் அதைப் போல மூன்று மடங்கு மதிப்பு. நாற்பத்தெட்டாயிரம் பாயிண்ட் கொடுத்தால் பில் முடிந்துவிடும். அதற்குமேல் என்னிடம் சில்லறைதான் மிஞ்சும்.

உறுதியா என்று செயலி கேட்டது. யாழினி என் மடியில் தூங்கிப் போயிருந்தாள். அவள் தலைக்கு மேலாக விரலைக் கொண்டுபோய் அழுத்தினேன். பச்சை நிறத்தில் ஒரு டிக் வந்தது. மறுநாள் வரை பொறுத்திருக்கலாமோ என்ற எண்ணம் அதற்கு அடுத்த நொடியில் வந்தது. எந்த எண்ணமும் எனக்கு அந்த நேரத்தில்தான் வருகிறது.

திரும்பும் வண்டியும் இளஞ்சிவப்புதான். கட்டணம் இல்லை. இன்னொரு பூஜ்யச் சீட்டு.

மாலையில் பருத்திப்பட்டில் இறங்கியபோது ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக் கூட்டம் சேர்ந்திருந்தது. காலையில் கிளம்பிய அதே நிறுத்தம். தொலைவுக் கணக்கில் முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர் போய் வந்திருப்போம். வெளியூருக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு வீடு சற்றுச் சிறியதாகத் தெரியும் என்பார்கள். எனக்கு எங்கள் இரண்டு அறைகளும் பெரியதாகத் தெரிந்தன. இன்னும் எத்தனை வருடம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இதில் இருப்போமோ என்று தெரியாததால் இருக்கலாம்.

விளக்கேற்றும் நேரத்தில் கணவர் வீடியோவில் அழைத்தார். நான் பேசும் முன் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"சரண்யா, இரு, ஒண்ணு காட்டறேன்." கேமராவைத் திருப்பினார். நாங்கள் தங்குவதற்காக நண்பரிடம் கேட்டு வைத்திருந்த அறை. சுவரோரம் ஒரு சின்னக் கட்டில். பூப்போட்ட விரிப்பு. "கட்டில் இரவல்தான். பெட்ஷீட் புதுசு. யாழிக்குட்டி, யாருக்கு இது?"

யாழினி திரைக்கு மிக அருகே போனாள்.

"அப்பா, நாங்க இன்னிக்கு ஏர்போர்ட் போனோம். பெருசு. நான் தேடினேன். நீ இல்ல."

"ஏர்போர்ட்டா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "சரண்யா?"

நான் சொன்னேன். பில் யார் பெயரில் என்பது, தட்டு, எண்பது, பச்சை டிக், எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் கேமராவைத் தன் பக்கம் திருப்பவில்லை. நான் முடித்த பிறகும் வெகுநேரம் அந்தக் கட்டில் மட்டும் திரையில் இருந்தது.