நாற்பத்திரண்டு தகரமா, நாற்பத்துநான்கா

ரங்கூனில் இன்னும் இருக்கிற நண்பர்களே, நம்பமாட்டீர்கள். அங்கே பணம் தரவேண்டியவன் நம்மைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். இந்த இராயபுரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து டீ கொடுக்கிறான். ஒரு கருவாட்டுக் கிடங்குக்குத் தகரக் கூரை போட்டுக் கொடுத்த ஏழு மாதத்தில், அதன் முதலாளியிடம் முப்பத்தொரு டீ குடித்துவிட்டேன். "துட்டு எங்க பூடும், ரங்கூன்காரரே? குந்துங்க" என்பார். வயிறு புண்ணானதுதான் மிச்சம்.

அங்கே பணம் வரும்வரை கட்டிடத்தின் சாவி என் மடியில் இருக்கும். இங்கே வேலை முடிந்த அன்று, பூஜைக்கு நல்ல நேரம் போகிறது என்று முதலாளி வெற்றிலைத் தட்டை நீட்டினார். வெற்றிலைக்கு அடியில் தொகை முழுவதும் இருக்கும் என்று நம்பிச் சாவியைக் கொடுத்தேன். ஒரு ரூபாயும் பதினோரு பாக்கும் இருந்தன. தகரம் ஒன்றுக்கு இவ்வளவு என்று வாயால் பேசியதோடு சரி, எழுத்து ஏதும் இல்லை. மேஸ்திரி காசிம் பாயும் அவருடைய ஆட்கள் ஆறு பேரும் பாதிக் கூலியோடு நின்றார்கள். ஏழு மாதம் இப்படிப் போய், நோன்புப் பெருநாளுக்குப் பத்தொன்பது நாள்தான் இருந்தது.

"பேஜார் பண்றாரு நைனா. நாம போட்ட தகரம்தானே? கயட்டிகினு வந்துடலாம்" என்றார் காசிம் பாய்.

எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. நல்லவேளை, முதலில் வக்கீலிடம் போனோம். கூரையில் கைவைத்தால் திருட்டுக் கேஸ் நம்மேல்தான் வரும் என்றார் அவர். எழுத்து இல்லாவிட்டாலும், கூலிக்குச் செய்த வேலையின் பலனை அனுபவிப்பவர் அதற்கு ஈடு தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். வழக்குப் போட மூன்று வருஷம் அவகாசமும் உண்டாம். முதலில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினோம்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. பேசியது நாற்பத்துநான்கு தகரம், போட்டது நாற்பத்திரண்டு, நான் ஏமாற்றுக்காரன் என்று முதலாளியே கையெழுத்திட்டு எழுதியிருந்தார். நாற்பத்துநான்கு தகரத்தையும் எண்ணி மேலே ஏற்றியவன் நான். வக்கீலோ சிரித்தார்.

"வேலை வாங்கினதை அவரே எழுதிக் குடுத்துட்டார். வேற சாட்சி எதுக்கு? ரெண்டு தகரத்தை விட்டுக் குடுங்க, பெரியவரே."

மனமில்லாமல் விட்டேன். அந்தக் கடிதத்தின் நகலோடு அடுத்த நோட்டீஸ் போனது. பெருநாளுக்கு நான்கு நாள் இருக்கையில், நாற்பத்திரண்டு தகரத்துக்கான பணம் வந்துசேர்ந்தது. அன்றே ஏழு பேர் கூலியும் தீர்ந்தது. மறுநாள் காலை நான் கிடங்குக்கு ஏணியோடு போனேன்.

"துட்டுதான் வந்துச்சே, இன்னும் இன்னா நைனா?" என்று ஏணியைப் பிடித்தபடி முனகினார் காசிம் பாய்.

"எண்ணட்டும் வுடு பாய். கொறைஞ்சா அபராதம் போடுவேன்" என்றார் முதலாளி.

கூரைமேல் தவழ்ந்து முப்பத்தேழு வரை வந்துவிட்டேன். அப்போது துறைமுகத்தில் ஒரு கப்பல் சங்கு ஊதியது. ரங்கூன் கப்பலோ என்று திரும்பி, அதன் புகைபோக்கியின் நிறம் தெரியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எத்தினி நைனா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன்.